என்டர் அழுத்தினீங்களா மாமா?

விண்டோஸ் 10 மண்டையைப் போட்டால் நீலத் திரையில் ஒரு சோக முகத்தைக் காட்டும். என்ன கோளாறு என்று நமக்கும் புரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆனால் நம் துக்கத்தில் அதுவும் பங்கெடுத்துக்கொள்கிறது என்று ஒரு ஆறுதல் உண்டு. லினக்ஸ் அப்படியல்ல. எந்த இடத்தில் தகராறு, எதனால் தகராறு, அடுத்து எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று வரிவரியாக எழுதிக் காட்டிவிடும். அதைப் படிக்க வேண்டியதுதான் நம் வேலை. அந்த ஒரு வேலைக்கும் நான் லாயக்கில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கூடாது என்று நிபந்தனை. என்னுடையது ஆறாம் தலைமுறை. கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நன்றாக ஓடுகிற சாமானை எதற்கு எடைக்குப் போட வேண்டும் என்று லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன். காசு செலவில்லை என்பதும் ஒரு காரணம். அது ஒன்றுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மாறிய வாரமே பிரசாரத்தில் இறங்கிவிட்டேன். 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற இருபத்தோரு வயது மாணவர் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, இன்றைக்கு உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் இதில்தான் ஓடுகின்றன, உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே கெர்னல்தான் என்றெல்லாம் வாக்கிங் வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒருவர் மட்டும் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்ப உங்க சிஸ்டத்துல பிரின்டர் ஓடுதா சார்?” என்றார். நான் நடையை எட்டிப் போட்டேன்.

இன்ஸ்டால் செய்யும்போது ‘முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்’ என்று ஒரு நல்ல ஆப்ஷன் வந்தது. அதை க்ளிக் செய்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் யூட்யூப் பார்த்துக் கெட்டுப்போனவன். ரூட் தனி, ஹோம் தனி, சுவாப் தனி என்று டிஸ்க்கைக் கூறு போட்டேன். சுவாப் என்பது ரேம் நிரம்பி வழிந்தால் சாமானைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிற இடம். ரேமில் இரண்டு மடங்கு சுவாப் வேண்டும் என்பது ரேமை எம்பி கணக்கில் விற்றுக்கொண்டிருந்த காலத்து விதி. இப்போதெல்லாம் மின்ட் தானே ஒரு சுவாப் ஃபைலை வைத்துக்கொண்டு சமாளித்துவிடும், தனிப் பார்ட்டிஷனே வேண்டாம். எனக்குத் தெரிந்திருந்தது பழைய விதி மட்டும். 16 ஜிபியைத் தூக்கிக் கொடுத்தேன்.

முதல் பீதி சீக்கிரமே வந்தது. ஒருநாள் ஆன் செய்தால் லோகோவுக்குப் பதில் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. டிஸ்க்கின் பெயர், அதை அடுத்து ஏதோ ஒரு வார்த்தை, பிறகு சாய்கோடு போட்ட நீள நீளமான எண்கள். டிஸ்க் போய்விட்டது என்று முடிவு செய்து, போனில் படம் பிடித்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எழுத்தைவிட என் முகம்தான் அதில் பளிச்சென்று விழுந்திருந்தது.

“மாமா, படம் தெரியல. நம்பருக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு, படிங்க.”

“கிளீன்.”

“அப்புறம் என்ன மாமா?”

டிஸ்க்கைச் சோதித்தேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று லினக்ஸ் சொல்லியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது அந்த வரி சில சமயம் கண்ணில் பட்டு மறையுமாம். நல்ல சேதியைப் பார்த்துப் பதறிய முதல் ஆள் நான்தானோ என்று கேட்டேன். “சேச்சே, நிறைய பேர் இருக்காங்க” என்றாள். அதிலும் முதலிடம் கிடைக்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, நம் சென்னை சி-டாக்கில் உருவாக்கியது. “இந்தக் கருமத்தை அழிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணும்மா, கேம் போட்டுக்கலாம்” என்று யோசனை சொன்ன மாமா நான்தான். அவள் அழிக்கவில்லை. இன்று கோவையில் ஒரு கம்பெனியில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஆபீஸ் முடிந்து வந்து என்னைப் பார்த்துக்கொள்கிறாள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடுகிற டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் ரகத்தைப் பார்த்தால் கை ஊறும். பக்கத்தில் இன்னொன்றை ஏற்றிப் பார்க்கத் தோன்றும். மின்ட் வெர்ஷன்களுக்குப் பெண் பெயர், உபுண்டுவுக்கு விலங்கு பெயர், டெபியனுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயர். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு டிரிக்ஸி என்று பெயர். மின்ட் நிற்பது உபுண்டு மேல், உபுண்டு நிற்பது டெபியன் மேல். மூலத்தையே பார்த்துவிடலாமே என்று காலியாகக் கிடந்த இடத்தில் டிரிக்ஸியை ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் மின்ட்டுக்கே திரும்பிவிட்டேன். டெபியனில் ஸ்டார்ட் மெனு எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் எதையோ மாற்ற, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். நான் சூடோ பட்டியலிலேயே இல்லை என்று சொல்லிவிட்டது. டெபியனை நிறுவும்போது ரூட் என்கிற நிர்வாகிக்குத் தனி பாஸ்வேர்டு கொடுத்தால் அப்படித்தான். முன்பெல்லாம் ‘இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்’ என்கிற ரீதியில் ஒரு வரியும் வரும், பார்த்தாலே வயிறு கலங்கும். மேலிடம் என்றால் ரூட். என் லேப்டாப்பில் ரூட் என்றால் நான். என் பேரில் எனக்கே புகார் போயிருக்கும், நானும் படித்திருக்க மாட்டேன்.

போகிற போக்கில் டெபியன் இன்ஸ்டாலர் ஒரு காரியம் செய்திருந்தது. சும்மா கிடக்கிறதே என்று என் சுவாப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்து தனக்கும் சேர்த்துக்கொண்டது. திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. இன்னின்ன பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யப் போகிறேன் என்று பட்டியல் போட்டு, எழுதட்டுமா என்று அனுமதியும் கேட்டது. யெஸ் போட்ட விரல் என்னுடையது.

ஃபார்மட் செய்தால் பார்ட்டிஷனுக்குப் புது யூயூஐடி வந்துவிடும். 32 இலக்கம், நடுவில் நாலு கோடு. எஸ்டிஏ, எஸ்டிபி என்கிற பெயர்கள் டிஸ்க் கண்ணில் படுகிற வரிசையைப் பொறுத்து இடம் மாறலாம் என்பதால், லினக்ஸ் இந்த நீள எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். எந்த எண் எந்த இடத்தில் மவுன்ட் ஆக வேண்டும் என்பது ஈடிசி ஃபோல்டரில் இருக்கிற எஃப்எஸ்டேப் என்கிற துக்கடா ஃபைலில் இருக்கும். மின்ட்டின் எஃப்எஸ்டேபில் சுவாபுக்குப் பழைய எண். டிஸ்க்கில் புது எண். இவ்வளவு விவரமாகச் சொல்கிறானே, அப்போதே தெரிந்திருக்குமோ என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருபது விநாடியில் எழுந்து உட்கார்ந்த லேப்டாப், இப்போது இரண்டு நிமிடம் ஆனாலும் லோகோவையே காட்டிக்கொண்டிருக்கிறது.

ரேமைக் கழற்றினேன். அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூர்க் கம்ப்யூட்டர் கடைகளின் முதலுதவி. பல கேஸுகளில் கேட்கவும் செய்யும். நானும் தேய்த்தேன், ரப்பர்த் தூளை வாயால் ஊதினேன், திரும்ப மாட்டினேன். மாட்டும்போது இரண்டு பக்க கிளிப்பும் டக்கென்று விழ வேண்டும். ஒரு பக்கம் விழவில்லை. ஆன் செய்தேன். இப்போது இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள ஆன் ஆனால்தானே.

அதைச் சரியாக மாட்டிய பிறகு கரன்ட்டைச் சந்தேகித்தேன். உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னையில் ஐஎல்யூஜிசி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக் என்று லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, கணியம் இதழ் 2012-லிருந்து தமிழிலேயே இந்த விஷயங்களை எழுதிவருகிறது. நான் போனது எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ரிட்டையர்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிடம். எர்த்திங் சரியில்லை என்றார். ஸ்டெபிலைசர் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார்: “என்னங்க, அது பேட்டரியிலதானே ஓடுது?”

பிறகு பழகிவிட்டது. பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் பால் காய்ச்சப் போவேன். திரும்பி வந்தால் லாகின் திரை தயாராக இருக்கும். இதில் என்ன குறை என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. லோகோவையே பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வீட்டுக்குள் கேஸ் வாசனை வந்த பிறகுதான் விஷயம் தீவிரமானது என்று ஒப்புக்கொண்டேன்.

“லோகோ நிக்கும்போது எஸ்கேப் அழுத்திப் பாருங்க மாமா, பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியும்” என்றாள் கோவைக்காரி. அழுத்தினேன். லோகோ விலகியது. சதுர அடைப்புக்குறிக்குள் சிவப்பு நட்சத்திரங்கள் நைட் வாட்ச்மேன்போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில், இன்ன டிவைஸுக்காக ஒரு ஸ்டார்ட் ஜாப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வரியின் கடைசியில் ஒரு கடிகாரம், ஒன்றரை நிமிடத்தில் எவ்வளவு ஆயிற்று என்று காட்டிக்கொண்டு. நான் படித்தேன். ஏதோ வேலை நடக்கிறது, நடுவில் புகுந்து கெடுக்க வேண்டாம் என்று தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். லினக்ஸை எழுப்பிவிடும் சிஸ்டம்டி என்கிற மேஸ்திரி எஃப்எஸ்டேபைப் படித்துவிட்டு, அதில் இருக்கிற எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கும். ஒருவர் வரவில்லை என்றால் வழக்கமாக 90 விநாடி பார்க்கும். அதற்குள் வராவிட்டால், வராதது சுவாப் மாதிரி ஆள் என்றால், சரி போ என்று விட்டுவிட்டு மற்ற வேலைகளைக் கவனிக்கும். உலகத்திலேயே இல்லாத ஒரு பழைய எண்ணுக்காக அது தினம் காலையில் ஒன்றரை நிமிடம் காத்திருந்திருக்கிறது. இத்தனைக்கும் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதிவேறு காட்டியிருக்கிறது.

இரண்டு நாள் அங்கே இங்கே தேடியதில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. விளங்காதவரைக்கும் ரேமை மட்டும்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிளாக்-ஐடி கமாண்ட் போட்டு சுவாபின் புது எண்ணை எடுத்தேன். எஃப்எஸ்டேபைத் திறந்தேன். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை ஒட்டி சேவ் செய்தேன். சொல்ல மறந்துவிட்டேன், கண்ணாடி ஹாலில் இருந்தது. அந்த ஃபைலில் எல்லா வரிகளும் ஒரே மாதிரி யூயூஐடியில்தான் தொடங்கும். நான் மாற்றியது சுவாப் வரியை அல்ல, அதற்கு மேல் வரியை. மேல் வரி ஹோம். என் ஃபைல்கள், போட்டோக்கள், பென்ஷன் பேப்பர் எல்லாம் இருக்கிற ஹோம்.

ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றரை நிமிடக் காத்திருப்பு அடியோடு ஒழிந்திருந்தது. நேராக எமர்ஜென்சி மோட்.

அந்தத் திரையை நீங்கள் பார்க்காமல் இருக்க என் வாழ்த்துகள். கறுப்பில் நாலைந்து வரி. நீங்கள் எமர்ஜென்சி மோடில் இருக்கிறீர்கள். லாக் பார்க்க இந்தக் கமாண்ட், ரீபூட் செய்ய இந்தக் கமாண்ட். மெயின்டனன்ஸுக்கு என்டர் அழுத்தவும், தொடர்வதற்கு கண்ட்ரோல்-டி அழுத்தவும். மெயின்டனன்ஸ் என்றாலே எனக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்தான் ஞாபகம் வரும், அந்தப் பக்கம் போனால் காசு கேட்பார்கள். கண்ட்ரோல்-டி அழுத்தினேன். தொடர்ந்தது, அதே திரைக்கு.

அக்கா மகளைக் கூப்பிட்டிருக்கலாம். மாமனுக்கும் ரோஷம் என்று ஒன்று உண்டு. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, உள்ளே புகுந்து சரிசெய்வதாக வீடியோவில் பார்த்திருந்தேன். அதற்கு வேறு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மனைவியின் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினேன். அது ஆபீஸ் லேப்டாப், யூஎஸ்பி போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. சற்று நேரத்தில் ஐடி டிபார்ட்மென்ட்டிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. சார்ஜரைக்கூட எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

தெருமுனை ஜெராக்ஸ் கடைத் தம்பி நல்ல பையன். கிட்டத்தட்ட 3 ஜிபி ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தார். பழக்க தோஷத்தில் “எத்தனை காப்பி சார்?” என்றும் கேட்டார். வீட்டுக்கு வந்து செருகினால் லேப்டாப் அதை மதிக்கவேயில்லை. ஐஎஸ்ஓவைச் சும்மா காப்பி செய்து வைத்தால் பூட் ஆகாது. எட்ச்சர், ரூஃபஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேரால் எழுத வேண்டும், அல்லது வென்டாய் போட்ட பென் டிரைவாக இருக்க வேண்டும். இது தெரியாமல் நான் பூட் மெனுவைத் தேடி எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலீட் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குக் கம்பெனி கட்டை மாறும். ஒருவழியாக பயாஸ் திறந்தது. அதில் தேதியை மாற்றிவிட்டு வெளியே வந்தேன், ஏன் மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.

கடைசியில் போன்தான் கைகொடுத்தது. எட்ச்ட்ராய்ட் என்று ஒரு ஆப் இருக்கிறது. ஓடிஜி கேபிளில் பென் டிரைவை மாட்டினால் போனிலிருந்தே ஐஎஸ்ஓவை எழுதிவிடும். ஆண்ட்ராய்டுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தானே, லினக்ஸை லினக்ஸே காப்பாற்றியது என்று வாக்கிங்கில் சொல்ல ஒரு வசனம்கூட யோசித்து வைத்தேன். அப்படி எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். இருந்தது அக்கா வீட்டுக் கிரகப்பிரவேச போட்டோக்கள்.

பென் டிரைவ் லினக்ஸ் ஜம்மென்று எழுந்தது. டெர்மினலைத் திறந்து எஃப்எஸ்டேபைப் பார்த்தேன். என் வரிகள் ஒன்றுகூட இல்லை. ஓவர்லே, டெம்ப்எஃப்எஸ் என்று ஏதோ இரண்டு வரிதான் இருந்தது. எமர்ஜென்சியில் எல்லாம் அழிந்துவிட்டது என்று நெஞ்சு அடைத்தது. நல்லவேளையாக முந்தைய நாள் பேப்பரில் எழுதி வைத்த எண்கள் இருந்தன. ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழு ஃபைலையும் திரும்ப எழுதி சேவ் செய்தேன். பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். எமர்ஜென்சி மோட்.

நான் அத்தனை கவனமாகத் திருத்தியது பென் டிரைவில் ஓடிய லினக்ஸின் சொந்த எஃப்எஸ்டேபை. அது ரேமில் தற்காலிகமாக இருப்பது. என் டிஸ்க்கை மவுன்ட் செய்து, அதற்குள் இருக்கும் ஈடிசியைத் திறந்திருக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்த விநாடியில் என் கையெழுத்துப் பிரதி ஆவியாகிவிட்டது. வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் டைப் செய்த ஒரே ஃபைல் அது.

ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு வீடியோ கால் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்: பென் டிரைவ், ஜெராக்ஸ் கடை, எட்ச்ட்ராய்ட். கிரகப்பிரவேசத்தை மட்டும் சொல்லவில்லை, அது அவள் வீட்டுக் கிரகப்பிரவேசம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“மெயின்டனன்ஸுக்கு என்டர் அழுத்தச் சொல்லுதே, அழுத்தினீங்களா மாமா?”

அழுத்தினேன். ஒரு ஹேஷ் குறியும் பக்கத்தில் கண் சிமிட்டும் கர்சரும் வந்தன. அவ்வளவுதான். என் டிஸ்க், என் ஃபைல், முழு அதிகாரத்தோடு. பென் டிரைவும் வேண்டாம், ஜெராக்ஸ் கடையும் வேண்டாம், மனைவியின் வேலைக்கு உலை வைத்திருக்கவும் வேண்டாம்.

“இப்ப அந்த ஃபைலைத் திறங்க” என்றாள். நான் வீடியோக்களில் பார்த்த ஞாபகத்தில் விஐ என்று அடித்துத் திறந்தேன். “ஐயோ மாமா, நானோன்னு அடிச்சிருக்கலாமே!” விஐ-க்குள் போவது சுலபம். உள்ளே போனால் டைப் செய்வது எழுத்தாக விழாது, வேறு என்னென்னவோ நடக்கும். வெளியே வருவதும் ஆகாத காரியம். விஐ-யின் வாரிசான விம் எடிட்டரிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்திருக்கிறார்கள். எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். அவள் சொல்லச் சொல்ல அழுத்தினேன். ஆச்சரியக்குறி எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கேட்டபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மாத்துறதுக்கு முன்னாடி பழைய ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சீங்களா?”

இப்போது இந்த முனையில் சத்தமில்லை.

நானோவில் திறந்து, பக்கத்தில் பார்ட்டிஷன் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக நான் படிக்க அவள் சரிபார்த்தாள். யூயூஐடியில் எண்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். போனில் பி, டி, ஈ மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்கும். “பி ஃபார் பூரி, டி ஃபார் தோசை” என்று நான் கத்திக் கத்திப் படித்ததில் அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, “ராத்திரிக்கு உப்புமாதான்” என்றார்.

ஹோம் வரிக்கு ஹோமின் எண். சுவாப் வரிக்கு சுவாபின் எண். சேவ். ரீபூட். இருபது விநாடிக்குள் லாகின் திரை வந்து நின்றது. ஹோமில் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. முதலிலிருந்தே அங்கே ஒன்றும் கெட்டிருக்கவில்லை. வாசற்கதவின் நம்பரை மட்டும்தான் நான் மாற்றி எழுதியிருந்தேன்.

வெற்றிக் களிப்பில், இவ்வளவு பாடுபட்டு மீட்ட சுவாப் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஃப்ரீ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, ரேம் எவ்வளவு, சுவாப் எவ்வளவு, எதில் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டும். பிரவுசரில் கைக்கு வந்த பேஜ்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். சுவாப் மொத்தம் 16 ஜிபி. பயன்பட்டது பூஜ்யம். அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்தேன், அதே பூஜ்யம்.

இதையும் அவளிடம் சொன்னேன். “உங்க யூசுக்கு அது தேவையே இல்ல மாமா. அந்த ஒரு வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போட்டிருந்தா லினக்ஸ் அந்த வரியைக் கண்டுக்காது. அன்னிக்கே முடிஞ்சிருக்கும்” என்றாள். என் கீபோர்டில் ஹேஷ் மூன்றாம் நம்பர் கட்டைக்கு மேலே இருக்கிறது.